குளிர வேண்டியது கூரை

மட்டக்களப்பில் வீடு கட்டப் போகிறவர்கள் என் முன்னால் வந்து உட்கார்ந்ததும் முகப்பைப் பற்றித்தான் பேசத் தொடங்குவார்கள். தூண் எப்படி இருக்க வேண்டும், மாபிள் எந்த நிறம், கேற் எத்தனை அடி அகலம். பிறகு அறைகளின் எண்ணிக்கை, சாமி அறை, அறையோடு சேர்ந்த குளியலறை. எல்லாம் முடிந்து வரைபடத்தைச் சுருட்டிக் கையில் எடுக்கும்போதுதான், "இரண்டு அறைக்கு ஏசி பொயின்ற் விட்டுவிடுங்கள், வெக்கை தாங்க முடியாது" என்பார்கள். ஒழுகக் கூடாது என்பதற்கு மேல் கூரையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டவர்கள் மிகக் குறைவு. வீட்டு வரைபடம் வரைவதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இதை விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். நம் ஊரில் வெக்கை வீட்டுக்குள் நுழையும் பெருவாசல் கூரைதான். அதை அடைக்காமல் ஏசி வாங்குகிறவர் மாதாமாதம் மின்கட்டணம் என்ற பெயரில் கூரைக்குத் தண்டம் கட்டுகிறார்.

சூரியன் நம் தலைக்கு மேல் எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும். மட்டக்களப்பு நகரம் வடக்கு அகலாங்கு ஏறத்தாழ 7.7 பாகையில் இருக்கிறது. வருடத்தில் இரண்டு தடவை, சித்திரைப் புத்தாண்டுக்குச் சற்று முன்பும் செப்டெம்பர் முதல் வாரத்திலும், நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மார்கழியில்கூட உச்சியிலிருந்து 31 பாகை அளவுதான் தெற்கே சாயும். ஆகவே வெயிலின் பெரும்பங்கை வருடம் முழுவதும் வாங்கிக்கொள்வது கூரை. தெளிவான வானத்தில் நண்பகலில் ஒரு சதுர மீற்றர் பரப்பில் விழும் வெயில் ஏறத்தாழ 1,000 வாட். பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றின் மேல் மட்டும் ஒன்பது கிலோவாட் விழுகிறது. அந்த அறைக்கு வாங்கும் ஒரு டன் ஏசி, அதாவது 12,000 பிடியு இயந்திரம், வெளியே தள்ளக்கூடிய வெப்பம் 3.5 கிலோவாட்தான்.

விழுவது முழுவதும் உள்ளே வந்துவிடாது. ஒரு பங்கு தெறித்துப் போகும், ஒரு பங்கைக் காற்று அள்ளிச் செல்லும். ஆனால் பழசாகிக் கறுத்த அஸ்பெஸ்ரஸ் சீற்றின் அடிப்பக்கம் மத்தியானத்தில் 50 பாகை செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். இந்தச் சூடு நம்மை வந்து சேரும் விதம் கவனிக்க வேண்டியது. சூடான காற்று மேலேயே தங்கும் என்பதால் சீற் கீழே இருக்கும் காற்றை அதிகம் சூடாக்குவதில்லை. அது கதிர்வீசலாக நேரே தலையிலும் கட்டிலிலும் தரையிலும் இறங்குகிறது. சுவரில் மாட்டிய வெப்பமானி 32 என்று சொல்லிக்கொண்டிருக்கும். உடம்போ அதைவிடப் பல பாகை அதிகமாக உணரும். சீலிங் இல்லாத பத்தடி அறைக்குக் கணக்குப் போட்டால், கூரையிலிருந்து இறங்கும் வெப்பம் ஒரு கிலோவாட்டைத் தாண்டுகிறது. மின்னடுப்பு ஒன்றைத் தலைகீழாக முகட்டில் கட்டிவிட்டு அதன் கீழே பாய் போட்டுப் படுப்பதற்கு ஒப்பானது இது.

கல்லடியில் வீடு கட்டும் அண்ணன் ஒருவர் சுவிஸில் நெடுங்காலமாக வாழ்கிறார். அவர் தொலைபேசியில் கேட்டது நியாயமான கேள்வி. "தம்பி, இங்கே எங்கள் வீட்டுச் சுவர் ஒன்றரை அடித் தடிப்பு. யன்னலுக்கு மூன்று கண்ணாடி. தரைக்குள்ளே குழாய் ஓடுகிறது. வெளியே பனி கொட்டும்போது உள்ளே சேட்டோடு இருக்கிறோம், அதற்கும் கட்டணம் மிகக் குறைவு. இதே முறையில் அங்கேயும் ஏன் கட்ட முடியாது? சூட்டுக்குப் பதில் குளிரை ஓட விட்டால் சரிதானே?"

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட எனக்கு மனமில்லை. அவர் சொல்லும் முறை மனிதர் கண்ட நல்ல முறைகளில் ஒன்று. ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991இல் குடிபுகுந்த நான்கு தொடர் வீடுகளில், வொல்ஃப்காங் ஃபைஸ்ட் என்ற பௌதிகவியலாளர் அதைச் செய்து காட்டினார். பாசிவ் ஹவுஸ் என்று உலகம் அறிந்த தரம் அங்கிருந்து வளர்ந்தது. ஒரு சதுர மீற்றர் தரைப்பரப்புக்கு வருடத்தில் 15 அலகு மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் போதும் என்பது அதன் அளவுகோல். தடித்த வெப்பக்காப்பு, காற்றுக் கசியாத புறச்சுவர், வெளியேறும் காற்றின் சூட்டைப் பிடித்து உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் கருவி; இவை மூன்றும் சேர்ந்தால் பெரிய வெப்பமூட்டியே தேவைப்படாது.

இதில் வேலை செய்வது வெப்பநிலை வித்தியாசம். அங்கே உள்ளே 20, வெளியே மறை 5. வித்தியாசம் 25 பாகை. சுவர், கூரை, யன்னல், நுழையும் காற்று எல்லாவற்றிலும் அந்த 25 பாகை நிற்கிறது. அதனால் எல்லாப் பக்கமும் போர்த்த வேண்டியிருக்கிறது. நம்மிடம் ஏசி போட்ட அறையில் 26, நிழலில் வெளியே 31 அல்லது 32. நிழல் விழுந்த சுவருக்கு இரு பக்கமும் ஐந்தாறு பாகைதான் வித்தியாசம். அந்தச் சுவரை ஒன்றரை அடிக்குப் போர்த்தினால் செலவுக்கேற்ற பலன் வராது. ஆனால் கூரைக்கு வாருங்கள்: மேலே 55, 60, கீழே 30. சுவிஸின் குளிர்காலத்தில் எல்லாச் சுவரிலும் நிற்கும் அதே வித்தியாசம் இங்கே கூரையில் மட்டும், அதுவும் வருடம் முழுக்க, நிற்கிறது. அவர்கள் சுவருக்குக் காட்டும் அக்கறையை நாம் கூரைக்குக் காட்ட வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னேன். கணக்கு ஒன்றுதான், வித்தியாசம் நிற்கும் இடம் வேறு.

தரைக்குள் குளிர்நீர் ஓட விடும் யோசனைக்கு வேறு தடை உண்டு. நம் காற்றில் ஈரம் அதிகம். 30 பாகைக் காற்றில் ஈரப்பதன் 75 வீதம் என்றால், 25 பாகையைத் தொட்ட எந்தப் பரப்பிலும் நீர் பூக்கத் தொடங்கும். கடையில் வாங்கிய சோடாப் போத்தல் கையில் வியர்ப்பது இதனால்தான். கதவு யன்னல் திறந்திருக்கும் வீட்டில் தரையை 20 பாகைக்குக் குளிர்வித்தால் மாபிள் முழுக்க நனைந்து ஆள் வழுக்கி விழுவார், சுவரோரம் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டை இறுக அடைத்து, காற்றிலிருந்து ஈரத்தை இயந்திரத்தால் பிழிந்தெடுத்தால் மட்டுமே அது நடக்கும். அப்படிச் செய்த கட்டடம் இலங்கையில் இல்லாமலும் இல்லை. கட்டுநாயக்காவில் ஆடைத் தொழில் நிறுவனம் ஒன்றின் கட்டடம் பாசிவ் ஹவுஸ் சான்று பெற்றிருக்கிறது. நாள் முழுவதும் நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்து வேலை செய்யும், எப்படியும் குளிரூட்டியே தீர வேண்டிய இடத்துக்கு அது சரியான தீர்வு. முன் கதவு விடியும்போது திறந்து இரவு பத்து மணிக்கு மூடும் கல்லடி வீட்டுக்கு அல்ல.

மண்ணுக்குள் குழாய் புதைத்துக் காற்றைக் குளிர்வித்து எடுப்பதைப் பற்றியும் அவர் கேட்டார். சில மீற்றர் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை, அந்த இடத்தின் வருடச் சராசரி வெப்பநிலைக்கு அண்மையில் நின்றுவிடும். மத்திய ஐரோப்பாவில் அது 10 பாகை அளவு. கோடையில் அருமையான குளிர்ச்சி கிடைக்கும். நமக்கு 27, 28. இதற்குச் சான்று தேடி எங்கும் போக வேண்டாம். விடியற்காலையில் கிணற்றில் அள்ளிக் குளிக்கும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். அதே தண்ணீர் மத்தியானத்தில் சில்லென்று இருக்கும். மாறியது காற்று, தண்ணீர் அந்த 28இலேயே இருக்கிறது. அந்தச் சிறு குளிர்ச்சிக்காக வளவைத் தோண்டிக் குழாய் புதைப்பது வீண்.

இனி கொங்கிரீட் தட்டு, அதாவது மட்டமான கொங்கிரீட் கூரை. இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஆரையம்பதியில் ஓர் அம்மா ஞாபகத்துக்கு வருகிறார். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிக் கட்டிய வீடு. மேலே பிறகு மாடி எடுக்கலாம் என்று தட்டுப் போட்டு நிறுத்தியிருந்தார்கள். "மனே, பகலில் இந்த வீட்டில் இருக்கலாம். இரவில்தான் முடியாது" என்றார். நான் போனது இரவு எட்டு மணிக்குப் பிறகு. வெளியே வாவிக் காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. படுக்கை அறையில் கதிரை மேல் ஏறி உள்ளங்கையைத் தட்டின் அடியில் வைத்தேன். காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்ட சூடு. மின்விசிறி சுற்றியது, ஆனால் அது கீழே தள்ளியது அந்தத் தட்டில் உரசி வந்த காற்றை. அம்மாவின் தலையணையும் பாயும் விறாந்தை மூலையில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. மாபிள் பதித்த நான்கு அறை வீட்டின் சொந்தக்காரி இரவு விறாந்தையில்தான் படுத்தார்.

ஐந்தாறு அங்குலக் கொங்கிரீட் வெயிலை உடனே உள்ளே விடாது. வாங்கி வைத்துக்கொண்டு ஏறத்தாழ நான்கு மணி நேரம் கழித்துத் தரும். மத்தியானம் இரண்டு மணிச் சூடு மாலை ஆறு மணிக்குத் தலைக்கு மேல் வந்து நிற்கும், நள்ளிரவு வரை இறங்காது. தடித்த கட்டுமானம் குளிர்ச்சி தரும் என்று நாம் நம்புவது பொய்யும் அல்ல. போர்த்துக்கேயர் 1628இல் கட்டத் தொடங்கி ஒல்லாந்தர் 1638இல் பிடித்த நம்முடைய கோட்டையின் தடித்த சுவர்களுக்குள் நீண்ட காலம் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரி இயங்கியது. பகலில் அங்கே கோப்போடு காத்திருந்தவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி தெரியும். பகலில் ஆள் இருந்து மாலையில் பூட்டும் கட்டடத்துக்குத் தடிப்பு நல்லது. பகலில் வேலைக்கும் பள்ளிக்கும் போய் இரவில் படுக்க வரும் வீட்டுக்கு, அதுவும் இரவுக்கும் பகலுக்கும் ஏழெட்டுப் பாகைக்கு மேல் வித்தியாசம் இல்லாத கரையோரத்தில், படுக்கை அறைக்கு மேல் போர்வை இல்லாத கொங்கிரீட் கூடாது.

தட்டே வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவை இந்த மாவட்டத்தில் அறுபது வயதைத் தாண்டிய யாரிடமும் கேட்டுப் பாருங்கள். தென்னோலைக் கிடுகும் ஓடும் தகரமும் சூறாவளியில் பறந்த இரவு அது. பக்கத்து வளவின் கூரை தன் முற்றத்தில் வந்து விழுந்ததைக் கண்டவர் தட்டுப் போடுவதைப் பேராசை என்று எப்படிச் சொல்வது? தட்டு இருக்கட்டும், அதன் மேல் வெயில் படாமல் பார்த்துக்கொள்வோம். மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2008இல் வெளியிட்டிருக்கிறார்கள்: தட்டுக்கு மேல் ரிஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பலகை, அதற்கு மேல் மெல்லிய கொங்கிரீட் பூச்சு, இடையிடையே பாரத்தைத் தாங்கச் சிறு கொங்கிரீட் பட்டிகள். மேலே நடக்கலாம், துணி காயப் போடலாம். ரிஜிபோம் மேலே இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சில மேசன்மார் அதை உள்ளே, தட்டின் அடியில் ஒட்டிவிடலாம் என்பார்கள். உள்ளே திறந்தபடி இருக்கும் ரிஜிபோம் தீப்பிடித்தால் நச்சுப் புகையாக எரியும். தட்டும் வெயிலில் கிடந்து விரிந்து சுருங்கி வெடிக்கும்.

ஆரையம்பதி அம்மாவின் வீட்டில் அவ்வளவு செலவு செய்ய வசதி இருக்கவில்லை. தட்டைக் கழுவி, வெள்ளைக் கூரைப் பூச்சு இரண்டு தடவை பூசினோம். புது வெள்ளை, விழும் வெயிலில் முக்கால் பங்கு அளவைத் திருப்பி அனுப்பும். நம் ஊரில் இதற்கு ஒரு காலக்கணக்கு இருக்கிறது. கார்த்திகை தொடங்கித் தை வரை கொட்டும் மழையில் எந்த வெள்ளையும் பாசி பிடித்துக் கறுத்துப் போகும். ஆகவே மழை ஓய்ந்து மாசியில் கழுவிப் பூச வேண்டும். உச்சி வெயில் வரும் சித்திரைக்கு அது புதிதாக நிற்கும். மழைக்கு முன் பூசினால் வெயில் வரும்போது பாதிப் பலன் போயிருக்கும். அதன் பிறகு அந்த அம்மா அறைக்குள் படுக்கிறார். குளிர்கிறது என்று சொல்லவில்லை; படுக்கலாம் என்றார். எனக்கு அது போதும்.

சீற்றுக்கும் ஓட்டுக்கும் இன்னொரு வழி, அலுமினியத் தாள். கூரைச் சாமான் விற்கும் எல்லாக் கடையிலும் சுருளாகக் கிடைக்கிறது. மினுங்கும் அலுமினியம் தன் மேல் விழும் வெப்பக் கதிரில் 95 வீதத்தைத் திருப்பிவிடும். தான் சூடேறினாலும் அந்த முகத்தால் மிகக் குறைவாகவே வெளியே விடும். ஆனால் அதற்கு முன்னால் காற்று இடைவெளி வேண்டும். தாளைச் சீற்றோடு ஒட்டி அறைந்தால் சூடு கடத்தலாக அப்படியே தாண்டிவிடும். சீலிங் பலகையின் மேல் மினுக்கத்தை மேல்நோக்கி விரித்தால் இரண்டு வருடத்தில் தூசியும் எலிப்புழுக்கையும் அதை மூடிவிடும். சரியான இடம், கூரையின் வளைமரத்துக்கும் சலாகைக்கும் கீழே, சீற்றிலிருந்து இரண்டு அங்குலமாவது விட்டு, மினுங்கும் முகம் கீழ்நோக்கி. கீழ்நோக்கிய முகத்தில் தூசி தங்காது. ஓடாவியிடம் இதை வாயால் சொன்னால் போதாது; வரைபடத்தில் வெட்டுமுகமாகக் கீறிக் கொடுக்கிறேன்.

சீற்றுக்கு மேல் பீலி ஓடு என்ற அரைவட்ட ஓட்டை அடுக்கும் முறையும் உண்டு. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கட்டடங்கள் பலவற்றில் அதைப் பார்க்கலாம்: கீழே சீற் மழையைத் தடுக்கும், மேலே ஓடு வெயிலைத் தடுக்கும். அழகும் நிழலும் ஒன்றாகக் கிடைக்கும். செலவு கூட, பாரமும் கூட. மரம் தடிப்பாக வேண்டும். சூரியப் பலகைகளும் இதே வேலையைச் செய்கின்றன. கூரைக்கு மேல் அரை அடி விட்டு நிற்கும் பலகை, மின்சாரம் தருவதோடு தன் கீழே உள்ள கூரைக்கு நிழலும் தருகிறது. படுக்கை அறைக்கு மேல் வைக்க முடியுமானால் அங்கே வையுங்கள் என்று பொருத்த வருகிறவர்களிடம் கேட்கலாம்.

இவை எல்லாவற்றையும் கிடுகு ஒன்றாகச் செய்தது. பச்சை ஓலையை ஊறவைத்துப் பின்னி, ஒன்றன் மேல் ஒன்றாக நெருக்கி வேய்ந்த கூரையில் பல அடுக்கு ஓலைக்கு இடையே பல அடுக்குக் காற்று. சூட்டைச் சேர்த்து வைக்கப் பாரம் இல்லை. வெயில் சாய்ந்த கொஞ்ச நேரத்தில் அது ஆறிவிடும். ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், தீப் பயம் உண்டு, புயலுக்கு நிற்காது. திரும்பிப் போக முடியாது; அதற்காக ஏங்கவும் இல்லை. அதன் வேலை எப்படி நடந்தது என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கூரைக்கு அடுத்து மேற்கு. காலை வெயில் கிழக்குச் சுவரை அடிக்கும்போது இரவின் குளிர்ச்சி இன்னும் மிச்சம் இருக்கும். மாலை வெயில் தாழ்ந்து வந்து, ஏற்கெனவே சூடான வீட்டின் மேற்குச் சுவரையும் யன்னலையும் அடிக்கிறது. வளவு அனுமதித்தால் வீட்டின் நீளப் பக்கங்களை வடக்கும் தெற்கும் பார்க்க வைத்து, மேற்கில் குசினியையோ விறாந்தையையோ குளியலறையையோ வைக்கிறேன். வளவு அனுமதிக்காவிட்டால் மேற்கில் நிழலுக்கு ஒரு வேம்பு.

ஆனி பிறந்தால் கச்சான் காற்றுப் பிடிக்கும். தென்மேற்கிலிருந்து வரும் காற்று மலையகத்தின் மறுசரிவில் மழையைக் கொட்டிவிட்டு நம் பக்கம் இறங்குகிறது. ஈரம் இழந்து இறங்கும் காற்று ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு பாகை சூடேறும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயல்வெளியைத் தாண்டி வரும்போது முகத்தில் அனலாக அடிக்கும். அந்த நாட்களில், காற்று வரட்டும் என்று மேற்கு யன்னலைத் திறந்து வைப்பவர்கள் சூட்டை அழைத்து உட்கார வைக்கிறார்கள். பகலில் மேற்கை மூடி, பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் திறக்க வேண்டும். கச்சான் வறண்ட காற்று என்பதால் நீர் விரைவில் ஆவியாகும். முற்றத்தில் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் வருடத்தில் மிக நன்றாகப் பலிப்பது இந்த மாதங்களில்தான். நீர் தெளித்துக் குளிர்விக்கும் விசிறிகளும் அப்போது பயன்படும். மார்கழி ஈரத்தில் அதே விசிறி புழுக்கத்தைத்தான் கூட்டும்.

யன்னலைத் திறந்து படுக்கச் சொல்வது எளிது. யுத்த காலத்தில் பொழுது பட்டால் கதவு யன்னலை அடைத்து உள்ளே இருந்து பழகிய ஊர் இது. இன்றைக்குக் கள்ளர் பயமும் நுளம்பும் டெங்கும். அதனால் யன்னலுக்கு மேலே, கூரையை ஒட்டி, கம்பியும் வலையும் அடித்த நிரந்தரத் துவாரங்களை எதிரெதிர்ச் சுவர்களில் வைக்கிறேன். அவற்றை யாரும் மூட வேண்டியதில்லை. நுளம்பு வலை காற்றில் கணிசமான பங்கைத் தடுத்துவிடும், ஆகவே துவாரத்தை நினைத்ததைவிட இரு மடங்கு பெரிதாக வைக்க வேண்டும்.

கூரை ஆறியபின் மின்விசிறி தன் வேலையைச் செய்யும். உடம்பில் பட்டு ஓடும் மெல்லிய காற்று இரண்டு மூன்று பாகை குறைந்தது போன்ற உணர்வைத் தரும். பழைய கூரை விசிறி 70 வாட் அளவு எடுக்கும். புதிய பிரஷ் இல்லாத மோட்டார் விசிறி 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியதை யாரும் மறக்கவில்லை. பிறகு ஏறியும் இறங்கியும் இருக்கிறது. ஆனால் அலகு கூடக் கூட ஒவ்வோர் அலகின் விலையும் கூடும் முறை மாறவில்லை.

ஏசியே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. வயதானவர்களுக்கும் நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் ஏப்ரல் இரவுகளில் அது தேவை. சுவிஸ் அண்ணனின் வீட்டை வெப்பமாக்கும் வெப்பப் பம்பும் நம் ஏசியும் ஒரே வகை இயந்திரம்தான். அது வெளிச்சூட்டை உள்ளே இழுக்கிறது, இது உட்சூட்டை வெளியே தள்ளுகிறது. கல்லடி வீட்டுக்கு ஒரே ஓர் அறையை மட்டும் இறுக அடைக்கக்கூடியதாக வரைந்து, அதற்குச் சிறிய இன்வேர்ட்டர் ஏசி ஒன்று குறித்திருக்கிறேன். பெரியது வாங்கினால் விரைவில் குளிரும் என்று விற்பவர் சொல்வார். விரைவில் குளிர்ந்து விரைவில் நின்றுவிடும். காற்றின் ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் கிடைக்காது. அறை குளிர்ந்தும் உடம்பு பிசுபிசுக்கும். சிறியதை 26, 27இல் வைத்து, விசிறியை மெதுவாகச் சுற்றவிட்டால் போதும். அண்ணன் மூன்று கண்ணாடி யன்னலைக் கைவிட்டார். அந்தப் பணம் கூரைக்குப் போகிறது.

இவ்வளவும் சொந்தப் பணத்தில் கட்டுபவர்களுக்கு. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரத்தில், யுத்தத்துக்குப் பிறகு படுவான்கரையில், திட்டமாகக் கட்டிக் கொடுக்கப்பட்ட சிறிய வீடுகளில் பலவற்றுக்குச் சீற் மட்டும்தான், சீலிங் இல்லை. அங்கே வாழ்பவர்கள் கூரையைத் தெரிந்தெடுக்கவில்லை. அவர்களுக்குச் சொல்ல இருப்பது இதுதான்: அஸ்பெஸ்ரஸ் சீற்றை உலர்ந்தபடி சுரண்டவோ வெட்டவோ வேண்டாம், அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு, பூசுவதானால் நனைத்து, தேய்க்காமல், மாசியில் வெள்ளை பூசுங்கள். படுக்கும் அறைக்கு மட்டுமாவது தாளும் சீலிங்கும் அடியுங்கள். புதிதாக வீட்டுத் திட்டம் கொண்டு வருகிறவர்கள் பயனாளிகளைக் கூட்டிப் பேசும் நாளில், சதுர அடி எத்தனை என்று கேட்டபின், சீற்றின் அடியில் என்ன வைக்கப் போகிறீர்கள் என்றும் கேளுங்கள். சீலிங்கைப் பயனாளி பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று பதில் வந்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம். மதிலைப் பிறகு கட்டலாம், பூச்சைப் பிறகு பூசலாம். குடிபுகுந்த பின் சீலிங்குக்குப் பணம் ஒதுக்கிய குடும்பங்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.